செய்கூலிக்கு வயதாகுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். மே 20-ஆம் தேதி பெய்த ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டுக் கூரைமேல் அடுக்கி ஆணியடித்த ஷிங்கிள்ஸ் தகடுகள் எல்லாம் பாழாகிவிட்டன. கூரைக்கு 15 வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஆளை அனுப்பிப் பார்த்து, புதுக்கூரை போட 20,000 டாலர் ஆகும் என்று அவர்களே எழுதினார்கள். அதில் சாமான் 8,000, பொருத்தும் கூலி 9,000, பழையதை உரித்து அப்புறப்படுத்த 3,000. ஆனால் மொத்தத்திலும் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிட்டு, நாங்கள் ஏற்க வேண்டிய பங்கான டிடக்டிபிள் 2,000-ஐயும் பிடித்துக்கொண்டு 8,000 டாலருக்குச் செக் அனுப்பியிருக்கிறார்கள். ஷிங்கிள்ஸ் பழசு, சரி. கூலிக்கு எப்படித் தேய்மானம் போடுகிறார்கள்? என் மனைவி, "பழைய நகையை விற்றால் செய்கூலி கிடையாது என்பார்களே, அந்தக் கதைதான்" என்கிறார். அப்படித்தானா? எஸ்டிமேட்டையும் இணைத்திருக்கிறேன். பாலிசியில் 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' கொடுப்போம் என்று இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

பதில்: முதலில் உங்கள் மனைவிக்கு ஒரு சபாஷ். அமெரிக்காவில் நீதிபதிகள் இருபது வருடத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியின் வாதம் அச்சு அசல் அதுதான். ஆனால் அதற்குப் பதிலும் நகைக்கடையிலேயே இருக்கிறது.

'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்றால், புதிதாகப் போட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்த மதிப்பு. கம்பெனி சொல்வது இது. கூரை என்பது ஷிங்கிள்ஸும் ஆணியும் மட்டும் அல்ல. பதினைந்து வருடத்துக்கு முன்பு நாலு பேர் மேலே ஏறி அடித்த உழைப்பும் அதற்குள் கலந்திருக்கிறது. கூரை பாதி தேய்ந்துவிட்டதென்றால் அந்த உழைப்பின் பயனும் பாதி தேய்ந்ததாகத்தான் அர்த்தம். பழைய வளையலை எடை போடுபவர் செய்கூலியைத் தனியாகப் பிரித்துத் தருகிறாரா என்ன?

அதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இது. நீங்கள் வளையலை விற்கவில்லை. உடைந்துபோன வளையலுக்குப் பதில் இன்னொன்று செய்யப்போகிறீர்கள். தங்கம் பழசாக இருக்கலாம், ஆசாரிக்கு இன்றைய கூலிதான் கொடுக்க வேண்டும். "இந்த வளையல் 15 வருடம் போட்டது, அதனால் பாதிக் கூலிக்கு அடித்துக் கொடு" என்று எந்தப் பட்டறையில் கேட்க முடியும்?

இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நான் எட்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குள் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டராக இருந்தவன், இப்போது பப்ளிக் அட்ஜஸ்டராக வீட்டுக்காரர்கள் பக்கம் நிற்கிறேன். அதனால் கம்பெனி சொல்வது வெறும் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அடித்த பெயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சாமான் கொஞ்சம், கூலிதான் அதிகம். பத்து வருடப் பெயின்ட்டுக்கு டப்பா விலையில் மட்டும் தேய்மானம் போட்டு, கூலியை முழுசாகக் கொடுத்தால், பழைய சுவருக்குக் கிட்டத்தட்டப் புதுச் சுவரின் விலை வந்துவிடும். இழந்ததை ஈடுகட்டுவதுதான் இன்சூரன்ஸ், அதற்கு மேல் லாபம் வரக்கூடாது என்ற தத்துவத்துக்கு அது இடிக்கும். ஆனால் உங்கள் விஷயம் தத்துவத்தால் தீரப்போவதில்லை. பாலிசிக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கும்.

மாநிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு நல்ல சேதி அங்கேதான் இருக்கிறது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஸ்ப்ரூல் எதிர் ஸ்டேட் ஃபார்ம் என்று தேடினால் கிடைக்கும். காற்றில் சேதமானது ஸ்ப்ரூல் என்பவரின் கட்டடம், ஸ்டேட் ஃபார்ம் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. சரிசெய்யும் செலவு 1,711 டாலர் 54 சென்ட். அதில் டிடக்டிபிள் 1,000 போயிற்று, கூலியையும் சேர்த்துப் போட்ட தேய்மானம் 394 டாலர் 36 சென்ட் போயிற்று, கைக்கு வந்தது 317 டாலர் 18 சென்ட். இந்தச் சின்னத் தொகைதான் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது, அவரைப் போன்ற மற்ற பாலிசிதாரர்களுக்கும் சேர்த்துப் போட்ட வழக்கு என்பதால். பாலிசியில் 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்பதற்கு விளக்கம் இல்லை. தேய்மானம் எதற்கு, எதற்கு இல்லை என்றும் சொல்லவில்லை. நீதிமன்றம் சொன்னது இதுதான்: வார்த்தைக்கு இரண்டு நியாயமான அர்த்தம் இருந்தால், பாலிசியை எழுதியவருக்கு எதிராகவும் வாங்கியவருக்குச் சாதகமாகவும்தான் படிக்க வேண்டும். தேய்வது கண்ணால் பார்க்கும் பொருள். கூலி அப்படிப்பட்டதல்ல. ஆகவே பாலிசி மௌனமாக இருந்தால் கூலியில் தேய்மானம் கழிக்கக்கூடாது.

மற்ற மாநிலத்து வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகவேண்டாம். அதே 2021-இல் தெற்கு கரோலினா உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017-இல் நெப்ராஸ்காவும் 2020-இல் வடக்கு கரோலினாவும் அப்படியே. 2019-இல் டென்னசி வீட்டுக்காரர் பக்கம். மினசோட்டா 2016-இல், பொதுவிதி ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு சேதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று கைகழுவிவிட்டது. கலிஃபோர்னியாவில் இந்த வாக்குவாதமே தேவையில்லை. கூலிக்குத் தேய்மானம் கிடையாது என்று இன்சூரன்ஸ் துறையின் விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி ஓக்லஹோமாவில் 2002-இல் வந்த தீர்ப்பு. அதுவும் ஷிங்கிள் கூரைதான். கூரை என்பது சாமானும் உழைப்பும் சேர்ந்த ஒரே பொருள், முழுசுக்கும் தேய்மானம் போடலாம் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. மறுத்து எழுதிய நீதிபதி ஒருவர், கூலிக்குத் தேய்மானம் என்றால் தன் கண்முன் வருவது மூட்டுவாதத்தில் ஏணி ஏறவும் ஆணி அடிக்கவும் திணறும் ஒரு கிழட்டுக் கூரைக்காரர்தான் என்று எழுதினார். வழக்கில் தோற்ற பக்கம்தான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அந்தக் கிழவரைத் தெரியும்.

ஊரில் கார் க்ளெய்ம் செய்தவர்களுக்கு இந்தக் குழப்பமே புதிதாகத் தோன்றும். இந்திய மோட்டார் பாலிசியில் பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துப் பிடிப்பார்கள். கண்ணாடிக்கு ஒன்றும் கிடையாது. மெக்கானிக் கூலியில் தேய்மானம் இல்லை. பெயின்ட் பில் மொத்தமாக வந்தால் அதில் கால்வாசிதான் சாமான் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கால்வாசியில் மட்டும் பாதி கழிப்பார்கள். சாமான் வேறு, கூலி வேறு என்று அங்கே எப்போதோ பிரித்துவிட்டார்கள். இங்கே அப்படி ஒரே அட்டவணை கிடையாது. அதனால்தான் வழக்கு.

சரி, உங்கள் எஸ்டிமேட்டுக்கு வருவோம். இது எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் போட்டது, அச்சு அமைப்பைப் பார்த்தாலே தெரிகிறது. பெரும்பாலான கம்பெனிகள் இதைத்தான் வைத்திருக்கின்றன. அதில் தேய்மானத்துக்கென்று சில கட்டங்கள் உண்டு. சாமானுக்கு ஒன்று, 'நான்-மெட்டீரியல்' என்று ஒன்று, உரித்து அகற்றும் வேலைக்கு ஒன்று, கான்ட்ராக்டரின் லாபத்துக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. டிக் போட்டால் கழியும், எடுத்தால் கழியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 'நான்-மெட்டீரியல்' என்றால் என்ன என்று கேட்டேன். "லேபர்" என்றார் பக்கத்து மேஜைக்காரர். பிறகு ஏன் லேபர் என்றே எழுதவில்லை என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். எந்த மாநிலத்துக்கு எந்தக் கட்டத்தில் டிக் என்பதை மேலிடத்தில் முடிவுசெய்து அனுப்பிவிடுவார்கள். எஸ்டிமேட் போடுபவர் அதைத் தொடுவது அபூர்வம். ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்தவர் உங்களை ஏமாற்றத் திட்டம் போட்டார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அந்த டிக் இருப்பதே தெரியாமல்கூட இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டாம் பக்கத்தில் முதல் வரியைப் பாருங்கள். பழைய ஷிங்கிள்ஸை உரித்து, அள்ளி, டம்ப்ஸ்டரில் போட்டுக் கொண்டுபோகும் வேலை. அதற்கு 3,000 டாலர், பக்கத்தில் வயது 15, ஆயுள் 30, தேய்மானம் 1,500. இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. பொருத்திய கூலி கூரைக்குள் கலந்திருக்கிறது என்ற வாதத்தையாவது ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். உரிக்கும் கூலி எங்கே கலந்திருந்தது? அந்த வேலை இன்னும் நடக்கவே இல்லை. இனிமேல்தான் ஆள் வந்து உரிக்கப்போகிறார். நடக்காத வேலைக்கு 15 வயது எப்படி வந்தது? உங்கள் மனைவி சொன்ன நகைக்கடைக் கணக்குகூட இந்த வரிக்குப் பொருந்தாது. கம்பெனியோடு பேசும்போது இந்த வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், தேய்மானத் தொகை எந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸாக்டிமேட்டில் வளைந்த அடைப்புக்குறி என்றால் வேலை முடிந்ததும் திரும்பக் கிடைக்கும் தேய்மானம். கூரான அம்புமுனை அடைப்புக்குறி என்றால் அது போனது போனதுதான். உங்களுடையதில் எல்லாமே வளைந்த குறிக்குள் இருக்கிறது. அதாவது உங்கள் பாலிசி, முதலில் ஆக்சுவல் கேஷ் வேல்யூவைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததும் மீதியைத் தரும் 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' பாலிசி. கூரையைப் போட்டு முடித்துப் பில்லை அனுப்பினால், பிடித்துவைத்த 10,000-ஐயும் கொடுப்பார்கள், நீங்கள் உண்மையில் செலவழித்த தொகைக்குள் அடங்கும்வரை.

"அப்படியென்றால் பிரச்சினையே இல்லையே" என்று தோன்றும். இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். கூலி இரண்டையும் விட்டுவிட்டு 8,000 டாலர் சாமானில் மட்டும் பாதி கழித்தால் தேய்மானம் 4,000. இருபதாயிரத்தில் அதையும் டிடக்டிபிள் 2,000-ஐயும் கழித்தால் முதல் செக் 14,000 வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது 8,000. நடுவில் உள்ள 6,000 டாலரை வேலை முடியும்வரை உங்கள் கையிலிருந்தோ கிரெடிட் கார்டிலிருந்தோ போட்டு வைக்கச் சொல்கிறார்கள். அது முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள், கெடு தாண்டிவிடுகிறது, பிடித்துவைத்த பணம் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. அதுபோல வீட்டை அப்படியே விற்பவர்களுக்கும், கூரைக்கு மட்டும் ஆக்சுவல் கேஷ் வேல்யூதான் என்ற எண்டார்ஸ்மென்ட்டோடு (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் ஷரத்து) பாலிசி வாங்கியவர்களுக்கும் இந்தத் தேய்மானம் திரும்பி வரவே வராது. அவர்களுக்குத்தான் இந்தச் சண்டை நிஜமான சண்டை.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது. பாலிசி முழுவதையும் எடுத்து வையுங்கள். வருடா வருடம் வரும் முதல் பக்கம் போதாது, பின்னால் வரும் எண்டார்ஸ்மென்ட்கள் எல்லாம் வேண்டும். ஏனென்றால் ஸ்ப்ரூல் தீர்ப்பு 'விளக்கம் இல்லாத' பாலிசிக்குத்தான். அதைப் பார்த்த கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாலிசி புதுப்பிக்கும்போது, தேய்மானம் என்றால் சாமான், கூலி, வரி எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று ஒரு வரியைச் சத்தமில்லாமல் சேர்த்து அனுப்பியவை நிறைய. விளக்கப் பகுதியில் 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ', 'டிப்ரிசியேஷன்' என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். 'லேபர்' என்ற சொல் அங்கே வெளிப்படையாக இருந்தால், உங்கள் கை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் கம்பெனி உங்களுக்கு 6,000 டாலர் பாக்கி.

எஸ்டிமேட்டின் மொத்தத் தேய்மானக் கணக்குத்தாளையும் கேட்டு வாங்குங்கள். பாலிசிதாரர் கேட்டால் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று இல்லினாய் இன்சூரன்ஸ் விதி 919.80 சொல்கிறது. ஃபோனில் கேட்காதீர்கள். இமெயிலில் கேளுங்கள், க்ளெய்ம் நம்பரை மேலே போட்டு. கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் எழுதினால் இப்படி இருக்கும்: "எஸ்டிமேட்டில் பொருத்தும் கூலிக்கும் அகற்றும் கூலிக்கும் தேய்மானம் கழிக்கப்பட்டிருக்கிறது. என் பாலிசியில் இதை அனுமதிக்கும் வரி எது என்று காட்டுங்கள். இல்லையென்றால் 2021-ஆம் ஆண்டு ஸ்ப்ரூல் தீர்ப்பின்படி திருத்தி, மீதித் தொகையை அனுப்புங்கள். தேய்மானக் கணக்குத்தாளையும் இணைத்து அனுப்பவும்." இவ்வளவுதான். தீர்ப்பின் பெயரைச் சொல்லி எழுதும் கடிதம் மேலிடத்து மேஜைக்குப் போகும், பெயரில்லாத புலம்பல் போகாது.

அந்த 50 சதவீதத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது வருட ஆயுள், பதினைந்து வருடம் ஆயிற்று, ஆகவே பாதி என்பது கால்குலேட்டர் கணக்கு. ஆலங்கட்டிக்கு முன் கூரை எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி. வீடு வாங்கியபோது எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கூரை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தாலும் சரி.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் வராவிட்டாலோ, சுற்றிவளைத்துப் பதில் வந்தாலோ, இல்லினாய் இன்சூரன்ஸ் துறையில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. பாலிசியில் 'அப்ரைசல்' என்று ஒரு வழி இருக்கும், அதற்கு அவசரப்பட வேண்டாம். எவ்வளவு சேதம் என்ற தொகைச் சண்டைக்குத்தான் அது. கூலியில் கழிக்கலாமா கூடாதா என்பது பாலிசியின் அர்த்தம் பற்றிய கேள்வி, அதை அப்ரைசலில் கொண்டுபோய்த் தள்ளினால் செலவுதான் மிஞ்சும். என்னைப் போன்ற பப்ளிக் அட்ஜஸ்டரும் உங்களுக்கு இப்போது வேண்டாம். வரும் பணத்தில் சதவீதம் வாங்குபவர்கள் நாங்கள். ஒரு இமெயிலில் வரக்கூடிய 6,000-க்கு அதைக் கொடுப்பானேன்? பாலிசியில் 'லேபர்' என்ற வரி இல்லாமலும் கம்பெனி மறுத்தால், அப்போது வக்கீலைப் பாருங்கள். நான் வக்கீல் இல்லை. வழக்குப் போட எவ்வளவு காலம் என்பதும் பாலிசியிலேயே இருக்கும், ஒரு வருடம் என்றும் இருக்கலாம், இரண்டு என்றும் இருக்கலாம்.

செக்கை மாற்றினால் உரிமை போய்விடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். 'இதோடு எல்லாம் தீர்ந்தது' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதவரை, ஒத்துக்கொண்ட தொகையை வாங்கிக்கொண்டு மீதிக்குப் பேசலாம். வீட்டுக்கடன் இருந்தால் செக்கில் பாங்க் பெயரும் சேர்ந்திருக்கும். அவர்களின் கையெழுத்து வாங்கவே நாளாகும், இன்றைக்கே ஃபோன் போடுங்கள்.

கதவைத் தட்டும் கான்ட்ராக்டர்களில் ஒருவர், "டிடக்டிபிளை நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்பார். நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் அந்த நம்பர்தான் வேகமாகச் சுற்றும். இல்லினாயில் அப்படிச் சொல்வதே சட்டத்துக்குப் புறம்பு. அதற்காக அவர் பில்லை ஊதிப் பெருக்கினால் மாட்டிக்கொள்வது நீங்களும்தான்.

கடைசியாக ஒரு தேதி. பரவலாகப் புழங்கும் வீட்டு பாலிசிகளில், பிடித்துவைத்த தேய்மானத்தைப் பிறகு கேட்கப்போகிறேன் என்று சேதம் நடந்த 180 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றிருக்கும். உங்களுடையதில் எத்தனை நாள் என்று பாருங்கள். 180 என்றால் மே 20-இலிருந்து எண்ணினால் நவம்பர் 16. கூலிச் சண்டை எப்படிப் போனாலும் அதற்கு முன்பே "கூரையை மாற்றப்போகிறேன், மீதித் தொகையைக் கோருவேன்" என்று ஒரு வரி எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வேலையையும் அதற்குள் முடிக்கப் பாருங்கள். நவம்பர் தாண்டினால் சிகாகோ குளிரில் ஷிங்கிள்ஸின் அடிப்பசை ஒழுங்காக ஒட்டாது. நல்ல கூரைக்காரர் வசந்தத்தில் வருகிறேன் என்று சொல்லிவிடுவார்.